ஸ்கைலைட்டுக்கு மேலே வலையா, கீழே பாயா?

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பந்திங் பக்கத்துத் தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், வரிசை வீடு வாங்கியவர்கள், கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் பின்பக்கத்துச் சமையலறையை நீட்டிக் கட்டிவிடுவார்கள். நீட்டினால் நடு வீடு இருட்டிப் போகும். அதனால் தகரக் கூரையில் ஒன்றிரண்டு ஷீட்டை வெளிச்சம் புகுகிற ஷீட்டாகப் போடுவார்கள், இல்லையென்றால் ஏர்வெல் இருந்த இடத்தை, அதாவது வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் கூரையில்லாமல் விட்ட இடத்தை, பாலிகார்பனேட் என்கிற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கால் மூடுவார்கள். இதைத்தான் ஸ்கைலைட் என்கிறோம், பேச்சில் கண்ணாடி என்றும் சொல்வோம். பகலில் லைட் போட வேண்டாம், துணி காயப்போட்டால் மழைக்கு ஓட வேண்டாம். எல்லாம் நல்லதுதான். மதியம் ஒரு மணிக்கு அடுப்பு முன்னால் நிற்கும்போதுதான் உச்சந்தலையில் சூடு இறங்கும்.

கிரில், அவ்னிங் (வெயில், மழைக்கு மறைப்புக் கூரை) வேலை செய்கிறவன் நான். இந்தப் புகார் அடிக்கடி காதுக்கு வரும். "தம்பி, கண்ணாடிக்குக் கீழே ஒரு பாயைக் கட்டிவிட்டால் போதாதா? மலிவாக ஏதாவது சொல்லுங்களேன்" என்று கேட்பார்கள். கட்டலாம். ஆனால் மூங்கிலா, தாழையா, பிளாஸ்டிக்கா என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது வேறொன்று: நிழல் கண்ணாடிக்கு மேலே விழ வேண்டுமா, கீழேயா? இதைத் தப்பாக முடிவு செய்தால் எந்தப் பாய் வாங்கினாலும் காசு வீண்.

உங்களுக்குத் தொந்தரவு எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். டிவி திரையில் வெளிச்சம் அடிக்கிறது, சாப்பிட உட்கார்ந்தால் கண் கூசுகிறது, சோபா துணி வெளுக்கிறது என்றால் அது வெளிச்சத்தின் தொந்தரவு. கீழே எதைக் கட்டினாலும் குறையும். அறையே வேகிறது, மின்விசிறி போட்டால் சூடான காற்றுதான் வருகிறது என்றால் அது சூட்டின் தொந்தரவு. அதற்குக் கீழே கட்டுகிற பாய் பெரிதாக உதவாது.

ஏன் என்று சொல்கிறேன். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்து பாயில் விழுகிறது. பாய் சூடாகிறது. சூடான பாய் வெப்பக் கதிராக விடுவதைக் கண்ணாடியும் பாலிகார்பனேட்டும் வெளியே போகவிடாது. வெயிலை உள்ளே விடும், பாய் விடுகிற சூட்டை மறிக்கும், அவற்றின் குணம் அப்படி. ஆக அந்தச் சூட்டில் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பாய் வெள்ளையாக இருந்தால் கொஞ்சம் வெளிச்சத்தை வெளிச்சமாகவே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான் லாபம். அதே பாய் கண்ணாடிக்கு மேலே இருந்தால், சூடாவது வீட்டுக்கு வெளியே. காற்று அடித்துக்கொண்டு போய்விடும்.

நம் ஊரில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பந்திங் பூமத்திய ரேகைக்கு வடக்கே 3 பாகைக்கும் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஜூனில் வடக்கே ஏறக்குறைய 20 பாகை, டிசம்பரில் தெற்கே 26 பாகை, உச்சிவேளைச் சூரியன் அதற்கு மேல் சாய்வதில்லை. சுவர் ஜன்னலுக்கு ஓர் அவ்னிங் போட்டாலே உச்சிவெயில் நின்றுவிடும். கூரையில் இருக்கிற கண்ணாடி வருஷம் பூராவும் தலைகொடுத்து வாங்கும்.

இன்னொன்று, நம் கடிகாரத்தில் உச்சிவெயில் 12 மணிக்கு இல்லை, ஏறக்குறைய 1:15க்கு. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு சேர்த்தார்கள். அதனால்தான் சமையல் முடிகிற நேரத்தில் ஆரம்பித்து, பாத்திரம் கழுவி முடிக்கும்வரை ஸ்கைலைட் சுடுகிறது. வீட்டில் நிழல் எங்கே விழ வேண்டும் என்று குறிப்பதாக இருந்தால் 12 மணிக்கு ஏணி போடாதீர்கள், ஒன்றேகாலுக்குத் தரையில் விழுகிற வெளிச்சத்தைச் சாக்கட்டியால் கோடு போட்டு வையுங்கள்.

சூட்டின் அளவு தெரிய வேண்டுமா? மேகமில்லாத உச்சிவேளையில் ஒரு சதுர மீட்டர் கூரையில் ஏறக்குறைய 1,000 வாட் வெயில் விழும். மூன்றடி அகலம், பத்தடி நீளத்துக்கு ஒரு தெளிவான ஷீட் என்றால் 2.8 சதுர மீட்டர். அதில் 80 விழுக்காடு உள்ளே வந்தாலும் 2,200 வாட்டுக்கு மேல். ஒரு குதிரைசக்தி ஏர்கான் வெளியே தள்ளுகிற சூடு மணிக்கு 9,000 பிடியு (BTU), அதாவது 2,600 வாட் அளவு. ஒரு ஷீட் கொண்டுவருகிற சூட்டைச் சரிக்கட்டவே ஏர்கானின் பெரும்பகுதி போய்விடுகிறது என்று அர்த்தம். வரவேற்பறையில் ஏர்கான் போட்டும் குளிரவில்லை என்று சர்வீஸ் ஆளைக் கூப்பிடுகிற பலர், தலைக்கு மேலே பார்ப்பதில்லை.

சரி, பொருள்களுக்கு வருவோம்.

மேலே போடுவதென்றால் என் கை முதலில் போவது நர்சரி வலைக்குத்தான். தோட்டத்தில் செம்பனை நாற்று வேலை பார்த்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. சின்னப் பையில் இருக்கும் நாற்றுக்கு முதல் மூன்று மாதம் மேலே நிழல் கட்டுவார்களே, அந்தக் கறுப்பு வலை. உரம், பூச்சிமருந்து விற்கிற கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் சுருளாக வைத்து மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள். இந்த ஒப்பீட்டில் வருகிற எல்லாப் பொருளிலும் சதுர அடிக்கு விலை குறைந்தது பெரும்பாலும் இதுதான்.

ஆனால் எல்லா வலையும் ஒன்றில்லை. நாடா நாடாகக் குறுக்கும் நெடுக்கும் நெய்த வலை ஒன்று, ஸ்வெட்டர் பின்னுகிற மாதிரி முடிச்சாகப் பின்னிய வலை ஒன்று. நெய்த வலையை வெட்டினால் ஓரம் பிரிந்துகொண்டே போகும். பின்னிய வலையை எங்கே வெட்டினாலும் நிற்கும், கொக்கி மாட்டிய இடமும் சட்டென்று கிழியாது. கடையில் தவுக்கே (கடை முதலாளி) வெட்டிக் கொடுத்ததும் ஓரத்தில் ஓர் இழையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், எது எது என்று உடனே தெரிந்துவிடும். பின்னிய வலை வெயிலில் கொஞ்சம் சுருங்கும். ஆகையால் முதல் நாளே மத்தளத் தோல் போல இழுத்துக் கட்டக் கூடாது, சற்றுத் தளர்வாக விட வேண்டும். புற ஊதாக் கதிருக்கு மருந்து சேர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். சேர்க்காத பிளாஸ்டிக் இந்த வெயிலில் பொடியாகிவிடும்.

வலையின் மேல் 50, 70, 80 என்று விழுக்காடு போட்டிருக்கும். மறிக்கிற வெயிலின் அளவு அது. சமையலறைக்கு 50 போதும், காய் நறுக்க வெளிச்சம் மிஞ்சும். வரவேற்பறைக்கு 70. 80க்குப் போனால் பகலிலேயே லைட் போட வேண்டிவரும், பிறகு ஸ்கைலைட் எதற்கு? 50 வலையை இரண்டாக மடித்துப் போட்டால் முழுக்க இருட்டாகிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். ஆகாது. முதல் அடுக்கு பாதியை விடும், அந்தப் பாதியில் பாதியை இரண்டாவது விடும், ஆக 75 விழுக்காடு நிழல். கையில் 50 வலை மிச்சம் இருந்தால் வரவேற்பறைக்குப் புதிதாக வாங்காமல் இப்படி மடித்தே போட்டுவிடலாம்.

நிறத்தில் ஒரு விஷயம். பச்சை வலை தோட்டத்துக்கு அழகு. வீட்டுக்குள் வேண்டாம். பச்சை வலை போட்ட ஒரு வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்தார்கள். தட்டில் வெள்ளைச் சோறு பச்சைச் சாயலில் இருந்தது, எதிரில் இருந்த மாமாவின் முகம் நாலு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் முகமாகத் தெரிந்தது. கறுப்பு வலை வெளிச்சத்தைக் குறைக்கும், நிறத்தை மாற்றாது. கறுப்பு சூட்டை இழுக்குமே என்று கேட்பார்கள். இழுக்கும், ஆனால் வெளியே இழுத்து வெளியே விடுகிறது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: வலை ஷீட்டின் மேல் படுத்துக்கொண்டிருக்கக் கூடாது. அரை அடியாவது இடைவெளி வேண்டும், காற்று நடுவில் ஓட வேண்டும். ஷீட்டைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் வலையின் சூடு நேராக ஷீட்டுக்குப் போகும், இரண்டுக்கும் நடுவில் இலையும் அழுக்கும் தங்கும். வெள்ளி நிறத்தில் பளபளக்கும் வலையும் உண்டு, அது வெயிலைத் திருப்பியே அனுப்பிவிடும். கறுப்பைவிட மேல். விலையும் மேல். காசு இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் கறுப்பே நல்ல பிள்ளை.

இடைவெளிக்கு ஒரு சட்டம் தேவை. ஒரு அங்குல கால்வனைஸ் ஹாலோ இரும்பில் செவ்வகமாக அடித்து, கூரையின் ஸ்க்ரூ வரிசையில் காலூன்றிவிட்டால் வேலை முடிந்தது. பட்டறைக்குக் கொடுத்தாலும் பெரிய வேலை இல்லை. வலை ஷீட்டின் அளவே இருந்தால் போதாது. அரை அடி உயரத்தில் நிற்கிற வலைக்குப் பக்கவாட்டில் காலை, மாலை வெயில் நுழையும், அதனால் நாலு பக்கமும் ஒரு அடி தாராளமாக விடுங்கள். கட்டுவதற்குக் கேபிள் டை வாங்கும்போது கறுப்பு வாங்குங்கள். வெள்ளை டை வெயிலில் சீக்கிரம் பட்டென்று ஒடிந்துவிடும். மோரிப் பக்கம் கடலோரத்தில் வீடு என்றால் உப்புக் காற்றுக்குச் சாதா கம்பி துருப்பிடிக்கும், ஸ்டெய்ன்லெஸ் கம்பிக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதுதான்.

வலைக்கு எதிரி இரண்டு. ஒன்று காற்று. தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில், விடியற்காலையில் சுமத்ரா பக்கத்திலிருந்து வருமே திடீர்ப் புயல்காற்று, அது ஒரு முனை அவிழ்ந்திருந்தால் மொத்தத்தையும் பிய்த்துக்கொண்டு போகும். வலையில் ஓட்டை இருப்பதால் கான்வாஸ் அளவுக்குக் காற்றைப் பிடிக்காது என்பது ஓர் ஆறுதல். இரண்டாவது குரங்கு. செம்பனைத் தோட்டத்து ஓரமாகவோ ஜுக்ரா மலைப் பக்கமோ வீடு இருந்தால், கூரையில் குரங்கு நடக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நடந்தால் வலை அவற்றுக்கு ஊஞ்சல். அங்கே வலை போடாதீர்கள் என்பேன்.

கூரைக்கு மேலே ஏற முடியாது, வாடகை வீடு, அல்லது மாடி வீட்டின் உச்சிக் கூரை என்றால் உள்ளேதான் கட்ட வேண்டும். அப்போது வருவது மூங்கில் தட்டி. கோப்பிக் கடை வாசலில் விளம்பரம் எழுதிச் சுருட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, அந்த வகை. கடையில் பிடாய் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள், இணையத்திலும் அளவு வாரியாகக் கிடைக்கிறது. பார்க்க லட்சணமாக இருக்கும், வெளிச்சம் கோடு கோடாக இறங்கும். வரவேற்பறையில் இதைப் போட்டுவிட்டு யாரும் அழகில்லை என்று சொன்னதில்லை.

ஆனால் தட்டி செங்குத்தாகத் தொங்குவதற்காகச் செய்தது. அதைப் படுக்கப்போட்டால் நடுவில் தொப்பை விழும். இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. ஸ்கைலைட்டின் நீளவாக்கில் இரண்டு கம்பிகளை இழுத்துக் கட்டுங்கள், ஓரத்தில் டர்ன்பக்கிள் போட்டு முறுக்கினால் தொய்யாது. தட்டியின் குச்சிகள் அந்த இரண்டு கம்பிகளுக்கும் குறுக்காகக் கிடக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு குச்சியும் தண்டவாளத்தின் மேல் கட்டை கிடப்பது போல இரண்டு கம்பியிலும் தாங்கி நிற்க வேண்டும். குச்சி நீளவாக்கில் கிடந்தால் கம்பி இருந்தும் பிரயோசனமில்லை. அகலம் மூன்றடிக்கு மேல் போனால் நடுவில் மூன்றாவது கம்பி. ஒரு முனையில் கயிறு கட்டி இழுத்தால் மழைநாளில் திறந்துவிடலாம். பஞ்சுக் கயிறு கோத்த தட்டியை விட்டுவிட்டு நைலான் கயிறு கோத்ததை எடுங்கள், கூரைக்கடியில் கிடக்கிற ஈரப்பதத்தில் பஞ்சு பூஞ்சை பிடித்து இற்றுவிடும்.

மூங்கிலுக்குப் பெரிய வினை வண்டு. மூங்கிலில் உள்ள மாவுச்சத்துக்காகத் துளை போட்டு உள்ளே போகும். ஒரு அக்கா வீட்டில் தினமும் காலையில் சாப்பாட்டு மேசை மீது மஞ்சள் கலந்த வெள்ளைப் பொடி. கூரையிலிருந்து பெயிண்ட் உதிர்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். ஏணி போட்டுப் பார்த்தால் குச்சிகளில் குண்டூசி முனை அளவுக்கு வட்ட வட்டமான ஓட்டைகள். விரலால் தட்டினால் மாவு சலிக்கிற மாதிரி கொட்டியது. நாலைந்து குச்சி கையோடு வந்துவிட்டது. தலைக்கு மேலே, அதுவும் சாப்பிடுகிற இடத்துக்கு மேலே கட்டுவதாக இருந்தால், வாங்கும்போதே தட்டியைச் சிமெண்ட் தரையில் நாலு தட்டுத் தட்டிப் பாருங்கள். பொடி விழுந்தால் வேண்டாம். நல்லதாக இருந்தாலும், கட்டுவதற்கு முன்னால் போராக்ஸ் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து, குச்சி முனைகள்வரை வார்னிஷ் பூசினால் வண்டுக்கு வேலை குறையும். இந்தச் செலவையும் உழைப்பையும் சேர்த்தால் மூங்கில் அவ்வளவு மலிவு இல்லை.

சமையலறைக்குள் மூங்கிலே வேண்டாம் என்பது என் கட்சி. நம் சமையலில் தாளிப்பு இல்லாத நாள் ஏது? எண்ணெய்ப் புகை குச்சி குச்சியாக ஒட்டும், அதன்மேல் தூசி ஒட்டும், கழுவவும் முடியாது, துடைக்கவும் முடியாது. பல்லிக்கு வாடகையில்லாத வீடு. எண்ணெய் ஏறிய காய்ந்த மூங்கிலுக்குக் கீழே கேஸ் அடுப்பு என்பது எனக்குத் தூக்கம் வராத விஷயம். சாமி மேடைக்கு மேலே ஸ்கைலைட் வைத்திருக்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும், விளக்கும் சாம்பிராணியும் தினமும் எரிகிற இடம்.

அப்புறம் பாய்கள். கேரித் தீவில் மா மெரி பழங்குடி மக்களின் பெண்கள் தாழை ஓலையில் பாய் பின்னுகிறார்கள். பந்திங்கிலிருந்து தூரமில்லை, சுங்கை பும்பூன் கிராமத்துக்குப் போனால் பார்க்கலாம். ஓலையை வெட்டி, ஓரத்து முள்ளை எடுத்து, கீறி, காயவைத்து, சாயம் ஏற்றி, அப்புறம்தான் பின்னலே தொடங்குகிறது. அவ்வளவு கைவேலைக்குக் கொடுக்கிற விலை நியாயமானதே, மலிவாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் தப்பு. அதைக் கொண்டுபோய் ஸ்கைலைட்டுக்குக் கீழே கட்டினால் சாயம் வெளுத்து, ஓலை காய்ந்து முறுக முறுக ஒடியும். வேலைப்பாட்டுக்குச் செய்கிற அநியாயம் அது. தரையில் விரியுங்கள், சுவரில் மாட்டுங்கள். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) சாதாரண மெங்குவாங் (தாழை ஓலை) பாய் கிடைத்தாலும் இதே கதைதான், பின்னல் நெருக்கமாக இருப்பதால் வெளிச்சத்தை முழுக்க மறைத்துவிடும்.

கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளில் எங்காவது கோரைப் பாய் கண்ணில் பட்டால், வரவேற்பறைக்கு அது மோசமில்லை. மெல்லியது, எடை இல்லை, வெளிச்சம் தேன் நிறத்தில் கசியும். ஆனால் கோரையைக் கோத்திருப்பது நூல். ஓரம் பிரியத் தொடங்கினால் நிற்காது, அதனால் நாலு ஓரத்துக்கும் துணி வைத்துத் தைத்துவிட வேண்டும். மேலே வலை போட்டு வெயிலின் பாதியை வெளியிலேயே நிறுத்திய பிறகு, அழகுக்கு உள்ளே கோரைப் பாய் என்றால் அதிக நாள் தாங்கும். எனக்குப் பிடித்த ஜோடி அதுதான்.

பிளாஸ்டிக் பாயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கல்யாண வீட்டில் பந்திக்கு விரிக்கிற அந்தப் பாய் எந்தக் கடையிலும் கிடைக்கும், விலையும் ஈர்க்கும். தரைக்காகச் செய்தது, வெயிலுக்காக அல்ல. ஸ்கைலைட்டுக்குக் கீழே சில மாதத்தில் நிறம் போய், தொட்டால் செதில் செதிலாக உதிரும். அந்தச் செதில் குழம்பில் விழுகிறதா என்று யார் பார்ப்பது?

தென்னங்கீற்றும் அத்தாப்பும் (நிப்பா ஓலைக் கூரை) மேலே போடலாமே என்று பெரியவர்கள் கேட்பார்கள். லயத்து வீட்டு வாசலில் கல்யாணப் பந்தலுக்குக் கீற்றுப் பின்னிய கைகள் அவை. கீற்று தருகிற குளிர்ச்சியை வலை தராது என்பது உண்மை. பந்தல் நாலைந்து நாளில் பிரிக்கிற விஷயம், வீட்டுக் கூரையோ நாள்பட நிற்க வேண்டும். கீற்று காய்ந்து உதிர்ந்து பீலியில் அடைக்கும், பீலியில் தண்ணீர் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு. 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தில் வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம் உண்டு. எலியும் ஏறும். தீபாவளி நேரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விடுகிற ராக்கெட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளேதான் கட்ட வேண்டும், அதுவும் சமையலறையில் என்றால் நான் சொல்வது பாயே இல்லை. பழைய பருத்தி வேட்டி. இரண்டு ஓரத்திலும் குழல் தைத்து, கம்பியில் கோத்துவிடுங்கள். வெள்ளை என்பதால் வெளிச்சத்தில் ஒரு பங்கைக் கண்ணாடி வழியாகவே திருப்பி அனுப்பும், மிச்சத்தைப் பரத்திவிடும், கண் கூசாது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் உருவி வாஷிங் மெஷினில் போட்டு எடுக்கலாம். எந்த மூங்கிலுக்கும் எந்தப் பாய்க்கும் இந்த வசதி இல்லை. அடுப்புக்கு நேர் மேலே வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், துணியும் தீப்பிடிக்கும். அம்மாவின் பழைய நூல் சேலையும் ஆகும், நிறம் வெளுத்தால் மனசு கேட்குமா என்பது உங்கள் பாடு.

சுண்ணாம்பை ஷீட்டின் மேல் பூசிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நாலு மழையில் கரைந்து சுவரில் கோடாக வழியும்.

விலையை ஒப்பிடும்போது ஒட்டியிருக்கிற சீட்டை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு பிளாஸ்டிக் பாய் 20 வெள்ளி (ரிங்கிட்), ஆறு மாதம் தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நாலு வருஷத்துக்கு எட்டுப் பாய், 160 வெள்ளி, எட்டு முறை ஏணி. வலையும் சட்டமும் சேர்த்து 150 வெள்ளி ஆகி நாலு வருஷம் நின்றால் கணக்கு வலைப் பக்கம்தான் சாயும். உங்கள் கடையில் சொல்கிற விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஏணி ஏறுகிறவரின் வயதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, சொந்த வரிசை வீடு, தகரக் கூரையில் ஷீட், குரங்குத் தொல்லை இல்லை என்றால் மேலே கறுப்பு வலை, 50 அல்லது 70. வேறு யோசனை வேண்டாம். வாடகை வீடு என்றால் உள்ளே வேட்டி, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். அழகு முக்கியம், சூடு பெரிய பிரச்சினை இல்லை என்றால் வரவேற்பறைக்கு மட்டும் மூங்கில் தட்டி.

ஏர்வெல்லை மூடியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சீரான கட்டடத் துணைவிதிகளின்படி, ஆட்கள் தங்குகிற அறைக்கு இயற்கை வெளிச்சமும் காற்றும் வேண்டும். ஏர்வெல் அதற்காக விட்ட இடம். பாலிகார்பனேட் போட்டபோது ஓரத்தில் காற்றுக்கு இடைவெளி விட்டிருந்தால், வலையோ பாயோ கட்டும்போது அதை அடைத்துவிடாதீர்கள். மேலே தேங்குகிற சூடு வெளியேற இருக்கிற ஒரே வழி அதுதான். விடாமல் அடைத்திருந்தால் நிழலுக்குச் செலவழிப்பதற்கு முன்னால் அதைத் திறக்க வழி பாருங்கள், பாதி சூடு அதிலேயே இறங்கிவிடலாம்.

பாலிகார்பனேட்டின் மேல் பிவிசி கான்வாஸை நேராக விரிக்காதீர்கள். பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கிற எண்ணெய் ஷீட்டைத் தின்று விரிசல் விடவைக்கும். ஸ்க்ரூ ஓட்டையை அடைக்கும் சிலிக்கானும் வினிகர் மாதிரிப் புளிப்பு வாடை அடிக்கிற வகையாக இருக்கக் கூடாது, நியூட்ரல் என்று கேட்டு வாங்க வேண்டும். கூரை பழைய அஸ்பெஸ்டாஸ் என்றால் துளையே போடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். அங்கே உள்ளே கட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஏறுகிற விஷயம். வெளிச்சம் புகும் ஷீட்டில் காலை வைக்காதீர்கள். வெயிலில் வருஷக்கணக்காகக் கிடந்த ஃபைபர் ஷீட் பார்க்க உறுதியாக இருக்கும், காலுக்கடியில் அப்பளமாக நொறுங்கும். தகரத்தில் நடப்பதானாலும் ஸ்க்ரூ வரிசை மேல்தான் நடக்க வேண்டும், அதற்கடியில்தான் சட்டம் இருக்கிறது. மழை பெய்த மறுநாள் காலை பாசி வழுக்கும், வெயில் ஏறிக் கூரை காய்ந்த பிறகு ஏறுங்கள், ஆனால் தகரம் கால் சுடுவதற்கு முன்னால் இறங்கிவிடுங்கள். வலையின் மூன்று பக்கத்தைக் கேபிள் டையால் கட்டி, ஏணி சாத்துகிற பக்கத்தை மட்டும் கொக்கியில் மாட்டிவையுங்கள். இலை தங்கினால் கூரையில் ஏறாமல், ஏணியில் நின்றபடியே கொக்கியைக் கழற்றி உதறிவிட்டு மாட்டிவிடலாம்.